ஓசை ஒன்று, பொருள் பல



செய்யுளின் அடிதோறும் இறுதியில் ஒரே எழுத்தோ சொல்லோ ஒத்து வருவதை நம் இலக்கண நூலார் இயைபு என்பர். இயைபு செவிக்கு இன்பம் தரும். நினைவுக்கும் துணை செய்யும். ஓசையால் ஒத்த சொற்களுள் ஒன்று நினைவுக்கு வந்தால், மற்றவை அதன் பின்னே தாமாகவே வந்து நிற்கும். ஆங்கிலம் கற்கும் மாணவர் பலர் இந்தத் துணையை நாடுகின்றனர். நானும் ஒரு காலத்தில் நாடினேன். அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

நான் கல்லூரியில் பயின்ற நாளில் சிறு குறிப்பேடு ஒன்று வைத்திருந்தேன். ஒத்த ஓசையில் முடியும் ஆங்கிலச் சொற்களை அதில் வரிசையாக எழுதி, நாள்தோறும் காலையில் உரக்கப் படித்து மனப்பாடம் செய்வேன். அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த வரிசை, ஐ, டி என்னும் இரண்டு எழுத்துகளில் முடிந்து, ‘இட்’ என்று ஒலிக்கும் பண்புச்சொற்களின் வரிசை. லூசிட், லிம்பிட், விவிட், ரிஜிட், டர்பிட், டர்ஜிட் என்று அடுக்கிச் சொல்லும்போது மத்தளம் முழங்குவது போல இருக்கும். பொருளை ஒருமுறை அகராதியில் பார்ப்பேன். பிறகு ஓசை மட்டுமே மனத்தில் தங்கும்.

அந்த ஆண்டு எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் ஓய்வு பெற்றார். மாணவர் சார்பில் ஆங்கிலத்தில் வாழ்த்துமடல் எழுதிப் படிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. குறிப்பேட்டைப் புரட்டினேன். அவருடைய விரிவுரைகள் தெளிவானவை என்று சொல்ல விரும்பினேன். லூசிட் என்றால் தெளிவு, லிம்பிட் என்றாலும் தெளிவு. மூன்றாவதாக ஒரு சொல் இருந்தால் ஓசை நிறையும் என்று தோன்றியது. டர்ஜிட் என்பதைச் சேர்த்தேன். மறுநாள் அவை நிறைந்த மண்டபத்தில், “தங்கள் விரிவுரைகள் லூசிட், லிம்பிட், டர்ஜிட்” என்று ஆங்கிலத்தில் கம்பீரமாகப் படித்தேன்.

முன்வரிசையில் இருந்த ஆசிரியர்கள் தலை குனிந்தார்கள். ஒருவர் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை எடுத்தார். பிறகு மண்டபம் முழுவதும் சிரிப்பொலி எழுந்தது. டர்ஜிட் என்ற சொல்லுக்கு வீங்கியது என்பது பொருள். நடையைக் குறித்துச் சொன்னால், வெறுஞ்சொல்லால் ஊதிப் பெருத்த ஆரவார நடை என்றாகும். முப்பது ஆண்டுகள் பாடம் சொன்ன ஒரு பெரியவரை, அவர் விடைபெறும் நாளில், அவர் முன்னிலையிலேயே அப்படி இகழ்ந்திருந்தேன்.

பேராசிரியர் எழுந்தார். “இந்த மாணவர் சொன்ன மூன்றில் முதல் இரண்டும் அன்பினால் சொன்னவை, மூன்றாவது உண்மை” என்றார். சிரிப்பு கைதட்டலாக மாறியது. என் பிழையைத் தம் மேல் போட்டுக்கொண்டு என்னைக் காத்தார் அவர்.

மறுநாள் மாலை அவர் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டேன். “ஐயா, நான் ஒரு ஸ்டூப்பிட்” என்றேன். அவர் சிரித்தார். “தம்பி, அதுவும் உன் வரிசையில் உள்ள சொல்தானே! அதற்காவது பொருள் தெரியுமா?” என்று கேட்டார். முட்டாள் என்றேன். “அது பின்னாளில் வந்த பொருள். வேரைப் பார்” என்று சொல்லித் தொடங்கினார். அன்று அவர் எனக்குக் காட்டிய வழியையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

இந்த ‘இட்’ இறுதி ஆங்கிலத்தில் பிறந்ததன்று. அது லத்தீன் மொழியிலிருந்து வந்தது. லத்தீனில் ‘இதுஸ்’ என்பது ஒரு விகுதி. ஒரு நிலையில் இருத்தலைக் குறிக்கும் வினைச்சொல்லோடு இது சேரும்போது, அந்த நிலையில் இருப்பவரையோ இருப்பதையோ குறிக்கும் பண்புச்சொல் பிறக்கும். திமேரே என்றால் அஞ்சுதல், அஞ்சுபவர் திமிதுஸ். அதுவே ஆங்கிலத்தில் டிமிட் ஆயிற்று. ஸ்ப்லெந்தேரே என்றால் ஒளிர்தல், ஒளிர்வது ஸ்பிளெண்டிட். இப்படிப்பட்ட சொற்களுள் சில பிரெஞ்சு மொழி வழியாகவும், பல நேரே லத்தீன் நூல்களிலிருந்தும் ஆங்கிலத்தில் வந்து குடியேறின. குடியேறும்போது வாலில் இருந்த ‘உஸ்’ உதிர்ந்தது.

வெண்மை, செம்மை, தண்மை, வெம்மை என்னும் பண்புப்பெயர்களில் வரும் ‘மை’ விகுதியை நீங்கள் அறிவீர்கள். அந்த விகுதியைக் கண்டவுடனே இது ஒரு பண்பின் பெயர் என்று தெரிந்துவிடுகிறது. எந்தப் பண்பு என்பதைச் சொல்வது பகுதியே. ‘இட்’ இறுதியும் அத்தகையதே. இது ஒரு நிலை என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்துவிடும். என்ன நிலை என்பதைச் சொல்லின் முற்பகுதியில்தான் தேட வேண்டும். நான் விகுதியை மனப்பாடம் செய்து பகுதியைக் கைவிட்டேன். பிழை அங்கேதான் நேர்ந்தது.

இனி, இந்தக் குடும்பத்துச் சொற்களை அவை குறிக்கும் நிலைகளின்படி வகுத்துப் பார்ப்போம்.

முதல் வகை ஒளியும் நிறமும் பற்றியது. லூசிட் என்பதன் வேர் ஒளியைக் குறிக்கும் லத்தீன் சொல். இருளில் கிடந்த பொருள் விளக்கொளியில் புலப்படுவது போல, நல்ல உரைநடையில் கருத்துப் புலப்படுகிறது. ஆதலின் தெளிவான நடை லூசிட். கேண்டிட் என்பதன் வேர்ச்சொல் கந்தேரே. வெண்மையாக ஒளிர்தல் என்பது பொருள். பழைய ரோமாபுரியில் பதவி நாடி மக்களிடம் வாக்குக் கேட்டவர்கள், சுண்ணம் பூசி வெளுத்த மேலாடை அணிந்து வருவது வழக்கம். அவர்களுக்கு வெள்ளுடையார் என்று பொருள்படும் பெயர் வழங்கிற்று. இன்று தேர்தலில் நிற்பவரையும் தேர்வு எழுதும் உங்களையும் குறிக்கும் கேண்டிடேட் என்ற சொல் அதிலிருந்து வந்ததே. கேண்டிட் என்ற பண்புச்சொல்லோ ஆடையின் வெண்மையை விட்டு உள்ளத்தின் வெண்மைக்கு வந்து, ஒளிவுமறைவு இல்லாத பேச்சைக் குறிக்கலாயிற்று.

நிறம் குன்றுவதும் ஒரு நிலைதானே? வெளிறிய முகம் பேலிட். அடிபட்ட இடம் கன்றி நீலம்பாரித்தால் அது லிவிட். கடுஞ்சினத்தால் நிறம் மாறிய முகத்துக்கும் அச்சொல் சென்று, இன்று பெருஞ்சினம் என்ற பொருளிலேயே மிகுதியாக வழங்குகிறது. லத்தீனில் வெளிறிய மஞ்சளைக் குறித்த சொல்லிலிருந்து வந்த லூரிட், இன்று கண்ணை உறுத்தும் நிறத்தையும், கொலை கொள்ளைகளை மிகைப்படுத்தி வருணிக்கும் செய்தியையும் குறிக்கிறது.

இரண்டாம் வகை வெப்பமும் தட்பமும், ஈரமும் வறட்சியும் பற்றியது. பூகோள நூலில் டாரிட் மண்டலம், ஃபிரிஜிட் மண்டலம் என்று படித்திருப்பீர்கள். நில நடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் 23½ பாகை வரை உள்ளது டாரிட் மண்டலம். நம் தமிழ்நாடு முழுவதும் அதனுள் அடங்கும். அச்சொல்லின் வேருக்கு வாட்டி உலர்த்துதல் என்பது பொருள். சித்திரை வெயிலை அறிந்த நமக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை. ஃபிரிஜிட் என்பது கடுங்குளிர். இவ்விரண்டுக்கும் நடுவே, கொதிக்காமலும் குளிராமலும் வெதுவெதுப்பாக இருப்பது டெப்பிட். ஈரக்காற்று ஹியூமிட், மழையறியாத வறண்ட நிலம் ஏரிட்.

இச்சொற்கள் மனிதருடைய உள்ளத்துக்கும் ஏறிச் செல்லும். ஒருவர் நம்மை வரவேற்ற முறை டெப்பிட் என்றால், வெறுப்பும் இல்லை, விருப்பும் இல்லை என்று கொள்க. ஃபிரிஜிட் என்றால் முகங்கொடுத்தே பேசவில்லை என்பதாகும்.

மூன்றாம் வகை உடலும் உள்ளமும் பற்றியது. அஞ்சுபவர் டிமிட், அஞ்சாதவர் இன்ட்ரெப்பிட். பின்னதில் முன்னே நிற்கும் ‘இன்’ இன்மையைக் குறிக்கும். எஞ்சிய பகுதிக்கு நடுங்கும் என்பது பொருள். நடுக்கம் இல்லாதவர் என்றாகிறது. அமைதி நிறைந்த ஏரியும் முகமும் பிளேசிட். சோர்ந்து துவண்ட நிலை லேங்குவிட். மரத்துப்போன நிலை டார்பிட்; தொட்டவரை மின்னதிர்ச்சியால் மரக்கச் செய்யும் கடல்மீன் ஒன்றுக்கு இவ்வேரிலிருந்தே டார்பிடோ என்று பெயர் வந்தது; கப்பலைத் தாக்கும் நீர்மூழ்கிக் குண்டு அம்மீனின் பெயரைப் பெற்றது. ஹாரிட் என்பதன் வேருக்கு மயிர் சிலிர்த்து நிற்றல் என்பது பொருள். பேரச்சத்தை நாம் மயிர்க்கூச்செறிதல் என்கிறோம். தொடர்பில்லாத இரண்டு மொழியினர் ஒரே உடற்குறியைக் கண்டு ஒரே உணர்ச்சிக்குப் பெயரிட்டிருக்கின்றனர்.

இன்சிப்பிட் என்பது சுவையற்றது. இதன் வேர் சபேரே. அதற்குச் சுவைத்தல், அறிவுடையவராக இருத்தல் என்று இரண்டு பொருள் உண்டு. விலங்கு நூலார் மனித இனத்துக்கு இட்ட ஹோமோ சேப்பியன்ஸ் என்னும் பெயரில் உள்ளதும் அதே வேர்தான். நன்மை தீமையைச் சுவைத்து அறிபவனே அறிவுடையவன் என்பது அம்மொழியினர் எண்ணம் போலும்.

நான்காம் வகை அழுகலும் அழுக்கும் பற்றியது. அதில் நெடுநேரம் நிற்க வேண்டுவதில்லை. எண்ணெயும் வெண்ணெயும் சிக்கெடுத்தால் ரேன்சிட். ஊன் அழுகினால் பியூட்ரிட். அழுக்கடைந்த குடியிருப்பு ஸ்குவாலிட். இழிந்த நோக்கமுடைய செயல் சார்டிட்.

இவ்வரிசையில் மூன்று சொற்கள் நமக்குக் கேட்டுப் பழகிய வடசொற்களுக்கு உறவினர். கேண்டிட் என்பதன் வேரும் சந்திரன் என்பதன் வேரும் ஒன்று. இரண்டும் ஒளிர்தலைக் குறிக்கும். டெப்பிட் என்பதும் தாபம் என்பதும் வெப்பத்தைக் குறிக்கும் ஒரு வேரில் கிளைத்தவை. உயிர்த்துடிப்புள்ள வருணனையைக் குறிக்கும் விவிட் என்பதும் ஜீவன் என்பதும் அவ்வாறே. வடமொழியும் லத்தீனும் கிரேக்கமும் ஒரு பொது மூலத்திலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என்று 1786-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சர் வில்லியம் ஜோன்ஸ் தம் சொற்பொழிவில் எடுத்துரைத்தார். தமிழ் அக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது தனிக் குடும்பமாகிய திராவிட மொழிகளுள் ஒன்று என்பதைக் கால்டுவெல் 1856-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் விரிவாக விளக்கினார். திங்களும் நிலவும் நம்முடையவை. சந்திரன் விருந்தாக வந்தவன். அந்த விருந்தாளி வழியாக நமக்கு ஆங்கிலத்தில் ஓர் அறிமுகம் கிடைக்கிறது.

இனி, ஓசை நம்மை ஏமாற்றும் இடங்களுக்கு வருவோம். டர்பிட், டர்ஜிட், டார்பிட், டாரிட் என்னும் நான்கும் ஒரே வயிற்றில் பிறந்தவை போல ஒலிக்கின்றன. ஆனால் நான்குக்கும் வேர் வேறு. டர்பிட் என்பது கலங்கியது. கலகம், குழப்பம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. புதுவெள்ளம் வரும் ஆற்றுநீர் டர்பிட். டர்ஜிட் என்பது வீங்கியது; நீரை உறிஞ்சி விறைத்து நிற்கும் செடியின் உயிரணுவைத் தாவர நூலார் டர்ஜிட் என்பர். அங்கே அது குறையன்று; உரைநடைக்கே அது குறை. டார்பிட் மரத்தது, டாரிட் வாட்டுவது. கலக்கம், வீக்கம், மரப்பு, வெப்பம் என்று நான்கு தமிழ்ச் சொற்களை நினைவில் இருத்தினால் நான்கு ஆங்கிலச் சொற்களும் தத்தம் இடத்தில் நிற்கும்.

லிம்பிட் என்பது பளிங்கு போன்ற தெளிவு. துவண்டது என்னும் பொருளுடைய லிம்ப் என்ற சொல்லோடு இதற்கு உறவில்லை. ரேப்பிட் என்பது விரைவு. வேருக்குப் பற்றிப் பறித்தல் என்பது பொருள். ரேபிட் என்பது வெறி. வெறிநாய்க்கு வழங்கும் சொல். பள்ளம் என்பதில் ஒலிக்கும் பகரம் முன்னதில் வருகிறது. கம்பம் என்பதில் ஒலிக்கும் பகரம் பின்னதில் வருகிறது. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவமாதலால் நாம் இங்கே கூடுதலாக விழிப்போடு இருக்க வேண்டும். விரைவான முன்னேற்றம் என்று சொல்ல நினைத்து வெறிபிடித்த முன்னேற்றம் என்று சொல்லிவிடக் கூடாதன்றோ!

வேலிட் என்றால் வலிமையுடையது, ஆதலின் செல்லத்தக்கது. அதன் எதிர்ச்சொல்லில் அழுத்தம் இடம் மாறினால் பொருளும் மாறும். இடையசையை அழுத்தி இன்வேலிட் என்றால் செல்லாதது. முதலசையை அழுத்தி ஒலித்தால் நோயாளி. அழுத்தம் தவறினால் நோயாளி செல்லாதவராகிவிடுவார்.

ஒலிப்பைப் பற்றி இன்னொன்று. இக்குடும்பத்தில் ‘இட்’ இறுதிக்கு முந்திய அசையே பொதுவாக அழுத்தம் பெறும். அந்த அசையில் உள்ள உயிரும் பெரும்பாலும் குறுகியே ஒலிக்கும். டைமிட், வைவிட் என்று நீட்டுவது பிழை. டிமிட், விவிட் என்பவையே சரி. ‘யு’ என்னும் எழுத்து ஒற்றை மெய்யின் முன் வந்தால் மட்டும் நீளும். லூசிட், ஹியூமிட், ஸ்டூப்பிட் ஆகியவை அத்தகையவை.

எல்லா விதிக்கும் புறனடை உண்டு. அஞ்சியவர் என்று பொருள்படும் அஃபிரெய்ட் என்பதும் ஐ, டி என்னும் எழுத்துகளிலேயே முடிகிறது. ஆனால் அது பழைய எச்ச வடிவம். ஓசையும் வேறு, பிறப்பும் வேறு. புகை கண்ணையும் மூக்கையும் உறுத்துவதைச் சொல்லும் ஏக்ரிட் என்பதோ பிற்காலத்தில் ஆக்கப்பெற்றது. லத்தீனில் அதற்கு இந்த விகுதி இல்லை. ஏசிட் என்ற சொல்லைப் பார்த்து ஆங்கிலத்தார் அதற்கும் அதே வாலை ஒட்டினர். ஓசையின் கவர்ச்சிக்கு மயங்கியவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்பதில் எனக்குச் சிறிது ஆறுதல்.

இச்சொற்களை எப்படிக் கற்பது என்று கேட்பீர்கள். பேராசிரியர் எனக்குச் சொன்ன முறை இது. குறிப்பேட்டில் மூன்று பத்திகள் வரைக. முதற்பத்தியில் பண்புச்சொல்லை எழுதுக. இரண்டாம் பத்தியில் அதே வேரில் பிறந்த பெயர்ச்சொல்லை எழுதுக. ஸ்பிளெண்டிட் என்பதற்கு ஸ்பிளெண்டர், ஹாரிட் என்பதற்கு ஹாரர், கேண்டிட் என்பதற்கு கேண்டர், பேலிட் என்பதற்கு பேலர், டார்பிட் என்பதற்கு டார்பர் என்று இணை கிடைக்கும். சில இணைகள் வியப்பூட்டும். ஹியூமிட் என்பதன் இணை, நகைச்சுவையைக் குறிக்கும் ஹியூமர்! ஈரம் எப்படி நகையாயிற்று? உடலில் ஓடும் நான்கு நீர்மங்களே ஒருவருடைய இயல்பை அமைக்கின்றன என்று பண்டைய கிரேக்க மருத்துவர் கருதினர். நீர்மத்தைக் குறித்த சொல் மன இயல்பைக் குறித்து, பின்பு நகையை விளைக்கும் இயல்பைக் குறித்தது.

மூன்றாம் பத்திதான் முதன்மையானது. அதில் அச்சொல்லை ஆண்டு நீங்களே ஒரு வாக்கியம் எழுதுக. நீங்கள் கண்ணால் கண்ட ஒன்றைப் பற்றியதாக அது இருக்கட்டும். உங்கள் ஊர் ஆற்றின் புதுவெள்ளம், வகுப்பறையின் நண்பகல் சோர்வு, பாட்டியின் கலப்பில்லாத பேச்சு என்று எதுவும் ஆகலாம். கண்ட பொருளோடு கட்டிய சொல் அவிழாது. ஓசையோடு மட்டும் கட்டிய சொல் அவை நடுவில் அவிழ்ந்துவிடும். அதை நான் அறிவேன்.

எளிய சொல் போதுமான இடத்தில் இச்சொற்களை வலிந்து புகுத்தவும் வேண்டா. கோல்ட், டிரை, குவிக் என்னும் நாட்டுச் சொற்கள் வீட்டுக்கும் தெருவுக்கும் உரியவை. ஃபிரிஜிட், ஏரிட், ரேப்பிட் என்பவை பெரும்பாலும் ஏட்டுக்கும் மேடைக்கும் உரியவை. குளிர்ந்த மோருக்கு ஃபிரிஜிட் என்று சொன்னால், சொன்னவருடைய நடையே டர்ஜிட் ஆகிவிடும்.

இனி, தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். ஸ்டூப்பிட் என்பதன் பொருள் என்ன? லத்தீனில் ஸ்துப்பேரே என்றால் திகைத்து நிற்றல். அதன் பெயர்ச்சொல்லாகிய ஸ்டூப்பர் இன்றும் ஆங்கிலத்தில் உணர்வு மயங்கிய நிலையையே குறிக்கிறது. எனவே ஸ்டூப்பிட் என்பவர் முதற்பொருளில் திகைத்து நிற்பவர். அறிவே இல்லாதவர் என்பது அதன் வேர்ப்பொருள் அன்று.

“தம்பி, நேற்று மேடையில் நீ திகைத்து நின்றாய். அந்த அளவுக்கு நீ உன்னைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் இந்த விகுதி ஒரு நிலையைத்தான் குறிக்கும், நிலை மாறக்கூடியது. திகைப்பு நேற்றோடு போயிற்று. இன்று நீ கேள்வி கேட்கிறாய்” என்றார் அந்தப் பெரியவர்.

வகுப்பறையில் யாரேனும் உங்களை அச்சொல்லால் சுட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்களே நாளை ஆசிரியராகி, விடை தெரியாமல் நிற்கும் சிறுவன் ஒருவனைக் காணும்போதும் நினைத்துக்கொள்ளுங்கள். அவன் திகைத்து நிற்கிறான்; அவ்வளவே. திகைப்பைத் தெளிவித்தால் அவனும் லூசிட் ஆவான்.